பழைய ஃபிலிம் கேமராவில் நாமே வெளிச்சம் அளப்பது: பேட்டரியிலிருந்து நெகட்டிவ் வரை

மீட்டர் ஊசியை நடுவில் நிறுத்தத் தெரிந்தால் வெளிச்சம் அளக்கத் தெரிந்துவிட்டது என்றுதான் பழைய கேமராவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்தால் கோபுரம் கறுத்துக் கிடக்கும், வெள்ளை வேட்டி அழுக்குச் சாம்பலாகத் தெரியும். "அண்ணே, ஊசி நடுவுலதானே இருந்துச்சு?" என்பார்கள். நடுவில்தான் இருந்தது. எதைப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பேட்டரி சரியில்லாத கேமராவில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) அமைப்பதும், ஐஎஸ்ஓ தப்பாக இருக்கும்போது முகத்தை அளப்பதும் வீண் வேலை. முதல் ஐந்து படிகளை வீட்டிலேயே, ஃபிலிம் போடாமல் முடித்துவிடலாம்.

1. தேவையானவை

கேமராவின் கையேடு முதலில். அச்சுப் பிரதி வேண்டியதில்லை, ஃபோனில் இருந்தால் போதும். மீட்டரை எப்படி உயிர்ப்பிப்பது என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். ஊகித்துப் பார்த்தால் நேரம்தான் போகும்.

புது பேட்டரி, ஃபோனில் ஒரு லைட் மீட்டர் செயலி, சின்ன நோட்டு, பேனா. நோட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபிலிமில் எடுத்த படத்துக்கு எந்தத் தகவலும் பதிவாகாது. கழுவி வந்த பிறகு எந்த ஷட்டர் வேகம், எந்த அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) என்று எழுதி வைத்திருந்தால்தான் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியும்.

முதல் ரோலுக்கு 400 ஐஎஸ்ஓ நெகட்டிவ் ஃபிலிம் வாங்குங்கள். கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் டிரை-எக்ஸ், வண்ணம் என்றால் கோடாக் அல்ட்ராமேக்ஸ். நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப் (ஸ்டாப் என்றால் என்ன என்பது ஐந்தாவது படியில்) ஓவர், அதாவது வெளிச்சம் கூடுதல், ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரு ஸ்டாப் அண்டர், அதாவது வெளிச்சம் குறைவு, ஆனாலே நிழல் பகுதியில் விவரம் போய்விடும். ஸ்லைடு ஃபிலிமோ அரை ஸ்டாப் தவறினாலே காட்டிக்கொடுக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் கேமராவே வாங்கவில்லை, சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் இருக்கும் பழைய கேமராக் கடைகளுக்குப் போகப்போகிறீர்கள் என்றால், பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். மூன்றாவது படியில் உள்ள சோதனையைக் காசு கொடுக்கும் முன் கடையிலேயே செய்துவிடலாம்.

2. பேட்டரி

1960களிலும் 70களிலும் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்-டி 101, கேனன் கேனனெட் எல்லாம் இந்த வகை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே வடிவத்தில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். அதைப் போட்டால் ஊசி அசையும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் மீட்டர் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும், படம் அண்டர் ஆகும். ஆல்கலைன் தேயத் தேய வோல்ட்டும் இறங்கிக்கொண்டே வருவதால் பிழையின் அளவும் ஒரே மாதிரி இருக்காது. ஒரே அளவுப் பிழை என்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாறிக்கொண்டே இருக்கும் பிழையை என்ன செய்வது?

இதற்கு இரண்டு வழி உண்டு. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும், தீரும்வரை வோல்ட் அதிகம் இறங்காது. பழைய 625 எண் பாதரச பேட்டரியைவிடச் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். ஸ்டிக்கரை உரித்தபின் காற்று உள்ளே போக ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கேமராவில் போடுங்கள். அதன் மேல் இருக்கும் ஓட்டைகளை டேப் போட்டு மூடக் கூடாது. உரித்த பிறகு சில வாரங்களோ இரண்டொரு மாதமோதான் ஓடும். இரண்டாவது வழி, வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டருக்குள் சில்வர் ஆக்சைடு பேட்டரி போடுவது. எப்போதாவது படம் எடுப்பவருக்கு முதல் வழி போதும். அடிக்கடி எடுப்பவர் அடாப்டருக்கே செலவழிக்கட்டும்.

பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம், எஃப்எம்2 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. முதலாவதற்கு எல்ஆர்44 ஒன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. பழைய பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் மீட்டர் சுற்று வோல்ட் வித்தியாசத்தைத் தானே சமன் செய்துகொள்ளும்படி அமைந்தது. பொருந்துகிற பேட்டரி எதுவானாலும் போடலாம்.

பேட்டரி போடும் முன் அறையின் உள்பக்கத்தைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் பஞ்சுக் குச்சியில் சில துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் போடுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் பேட்டரியோடு பல மாதம் அலமாரியில் கிடந்த கேமராக்களுக்கு இது அடிக்கடி வரும் நோய்.

3. மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்ப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் நிழல் விழுந்த பக்கத்தில், ஒரே நிறமாக இருக்கும் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வியூஃபைண்டர் முழுவதும் அந்தச் சுவர் மட்டுமே தெரியும்படி நெருங்கி நின்று அளவெடுங்கள். அதே இடத்தை ஃபோன் செயலியாலும் அதே ஐஎஸ்ஓவில் அளந்து இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வெயில் விழும் சுவரில் ஒரு முறை, வீட்டுக்குள் மின்விளக்கில் ஒரு முறை.

மூன்று வெளிச்சத்தில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றிலும் கேமரா ஒரே அளவு, சொல்லப்போனால் ஒரு ஸ்டாப், தள்ளிச் சொல்கிறது என்றால் அது நல்ல மீட்டர்தான். ஐஎஸ்ஓ சக்கரத்தை ஒரு ஸ்டாப் மாற்றி வைத்தால் தீர்ந்தது. வெயிலில் சரியாகவும் நிழலில் இரண்டு ஸ்டாப் தள்ளியும் சொன்னால் அந்த மீட்டரை நம்பாதீர்கள். கேமராவைத் தூக்கிப் போட வேண்டாம், ஒன்பதாவது படிக்குப் போங்கள்.

ஒலிம்பஸ் டிரிப் 35, ஜெனிட்-இ போன்றவற்றில் இருக்கும் செலினியம் மீட்டருக்கு பேட்டரியே வேண்டாம். அதில் ஊசி அசைவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. வலுவிழந்த செலினியமும் வெயிலில் ஊசியை அசைக்கும். மூன்று வெளிச்சச் சோதனை அதற்குத்தான் இன்னும் அவசியம்.

சிடிஎஸ் (காட்மியம் சல்ஃபைடு) ஒளியுணர் செல் உள்ள கேமராக்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். பளீரென்ற வெயிலிலிருந்து இருட்டான இடத்துக்கு வந்ததும் அந்த செல் உடனே சரியான அளவைக் காட்டாது. முந்தைய வெளிச்சத்தின் நினைவு அதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும். அரை நிமிடம் பொறுத்து இரண்டாம் முறை அளந்தால் வேறு எண் வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

4. ஐஎஸ்ஓ

பழைய சக்கரங்களில் ஏஎஸ்ஏ என்றிருக்கும். எண் அதேதான். டின் என்ற எண்ணும் இருந்தால் 21 என்பது 100, 24 என்பது 200, 27 என்பது 400. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் சக்கரத்தின் வெளிவளையத்தைத் தூக்கிச் சுற்ற வேண்டும். அரைகுறையாகத் தூக்கிச் சுற்றினால் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றுவிடும்.

புது ரோல் போட்ட கையோடு ஐஎஸ்ஓவை மாற்றுவதைப் பழக்கமாக்குங்கள். பின்மூடியை மூடியதும் கை தானாக அந்தச் சக்கரத்துக்குப் போக வேண்டும். முந்தைய ரோலின் 100 அப்படியே இருக்க 400 ஃபிலிமை முழுக்க எடுத்து முடிப்பது புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை. அது இரண்டு ஸ்டாப் ஓவர், நெகட்டிவ் தாங்கிவிடும். நேர்மாறாக 400 வைத்து 100 ஃபிலிம் எடுத்தால் மீட்பது கடினம். பாதி ரோலில் கண்டுபிடித்தால் நடுவில் மாற்றாதீர்கள். ரோல் முழுவதையும் 400 ஆகவே எடுத்து முடித்து, கழுவுகிற கடையில் "400க்கு புஷ் செய்யுங்கள்", அதாவது கூடுதல் நேரம் கழுவுங்கள், என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு ரோலின் எல்லாப் படமும் ஒரே தொட்டியில் ஒரே நேரம்தான் கழுவப்படும்.

5. ஸ்டாப் கணக்கும் முதல் முடிவும்

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி. அப்பர்ச்சர் வரிசை 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. ஷட்டர் வரிசை 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000. இரண்டிலும் ஒரு படி என்பது ஒரு ஸ்டாப். இதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஆறாவது படியில் "இரண்டு ஸ்டாப் திற" என்று நான் சொன்னால், 5.6லிருந்து 2.8 என்று விரல் யோசிக்காமல் போக வேண்டும்.

அப்பர்ச்சர் வளையத்தை இரண்டு எண்ணுக்கு நடுவே நிறுத்தலாம். ஷட்டர் சக்கரத்தை அப்படி நிறுத்தக் கூடாது. அது எந்த வேகத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது.

அளப்பதற்கு முன் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். நடந்து போகிறவர்களை எடுக்க வேண்டும் என்றால் ஷட்டரை 1/250க்கு வைத்து அப்பர்ச்சரால் சரிசெய்யுங்கள். பின்னணி மங்க வேண்டும் என்றால் அப்பர்ச்சரை முதலில் வைத்துவிட்டு ஷட்டரைச் சுற்றுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சுற்றுகிறவர் ஊசி நடுவுக்கு வரும்போது எங்கே வந்து நின்றிருக்கிறார் என்றே பார்க்க மாட்டார். 1/15க்கு வந்திருப்பார், படம் ஆடியிருக்கும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/60க்குக் கீழே இறங்காதீர்கள்.

இங்கே ஒரு உள்ளூர்க் கணக்கு. நடுப்பகல் வெயிலில் 400 ஃபிலிமுக்கு 1/500, எஃப் 16 தேவை. கேமராவின் உச்ச வேகம் 1/1000 என்றால் எஃப் 11 வரைதான் திறக்க முடியும். உச்சமே 1/500 என்றால் அதுவும் இல்லை. நடுப்பகலில் எஃப் 2ல் பின்னணியை மங்கவைத்து எடுக்க ஆசைப்பட்டால் நிழலுக்குப் போங்கள், இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்குங்கள்.

6. எதை அளப்பது

மற்றப் படிகள் எல்லாம் இதற்கான ஏற்பாடுகள். மீட்டருக்கு எதிரே இருப்பது என்ன பொருள் என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக, அதாவது தன்மீது விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் ஒரு பரப்பாகவே எடுத்துக்கொண்டு, அது படத்தில் அப்படியே சாம்பலாக விழ என்ன அளவு வேண்டும் என்று மட்டும் சொல்லும். வெள்ளையைக் காட்டினால் சாம்பலாக்கச் சொல்லும். கறுப்பைக் காட்டினாலும் சாம்பலாக்கத்தான் சொல்லும்.

எனவே அளக்கும்போது உங்களை நீங்களே கேட்க வேண்டியது இரண்டு. இந்தப் படத்தில் எது முக்கியம்? அது நடுச்சாம்பலைவிட வெளுப்பா, கறுப்பா, எவ்வளவு?

பஃபலோ சாலையில் ஐந்தடிப் பாதை (கடைவீடுகளின் முன் உள்ள கூரையிட்ட நடைபாதை) நிழலில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாவை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் மல்லிகைச் சரம், பின்னால் வெயில் கொளுத்தும் சாலை. நின்ற இடத்திலிருந்து அளந்தால் மீட்டர் சாலையின் வெளிச்சத்தையும் சேர்த்துக்கொண்டு 1/125, எஃப் 11 என்று சொல்லும். அப்படி எடுத்தால் சாலை அழகாக வரும், அந்த அம்மா நிழலுருவம் ஆவார். நெருங்கிப் போய், மல்லிகை மட்டும் தெரியும்படி அளந்தால் 1/125, எஃப் 5.6 என்கிறது. பூ வெள்ளை, அது வெள்ளையாக இருக்க இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். 1/125, எஃப் 2.8. இப்போது அவர் முகத்தை மட்டும் அளந்து பாருங்கள். முகம் நடுத்தரப் பழுப்பு என்றால் மீட்டர் நேரடியாகவே எஃப் 2.8 பக்கம் வந்து நிற்கும். வேறு வேறு இடத்தில் அளந்தும் விடை ஒன்றாக வருகிறது பாருங்கள். கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் திற" என்ற விதி வெளுத்த தோலுக்கு எழுதப்பட்டது. நம்மவர்களில் பலருக்கு அது பொருந்தாது. நடுத்தரப் பழுப்பு முகம் கிட்டத்தட்ட நடுச்சாம்பலின் வெளிச்சமே உடையது. அளந்ததை அப்படியே வையுங்கள். நல்ல கறுப்பு முகம் என்றால் கணக்குப்படி அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் மூட வேண்டும். ஆனால் நெகட்டிவ் ஃபிலிமில் நான் மூடுவதில்லை. தோலின் நுணுக்கம் நிழல் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு வெளிச்சம் கிடைக்கட்டும். சீன நண்பரை எடுக்கும்போது ஒரு ஸ்டாப் திறக்கிறேன். ஒரே படத்தில் இருவரும் நின்றால், கறுத்த முகத்துக்கு அளந்து அப்படியே எடுங்கள். வெளுத்த முகத்தை நெகட்டிவ் தாங்கும்.

முகத்துக்கு அருகே போக முடியாதபோது உங்கள் உள்ளங்கையை அளக்கலாம். மேல்தோல் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை பெரும்பாலும் நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பாக இருக்கும். அளந்து ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டு. அவர் மேல் விழும் அதே வெளிச்சம் கையிலும் விழ வேண்டும். கேமராவின் நிழல் கையில் விழக் கூடாது. அவர் நிழலில் இருக்க நீங்கள் வெயிலில் நின்று கையை அளந்தால் பயனில்லை.

கோபுரத்துக்கு வருவோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் சட்டத்தில் பாதி வானம். நம் வானம் நீலமாக இருப்பதைவிட வெண்மையாகப் புழுங்கிக்கொண்டிருக்கும் நாட்கள் அதிகம். அந்த வெண்மை மீட்டரை ஏமாற்றும். கேமராவைக் கீழே சாய்த்து, வானம் வெளியே போகும்படி, கோபுரத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு, பிறகு நிமிர்த்தி எடுங்கள்.

இங்கேதான் அடுத்த பெரிய பிழை. கேமராவை நிமிர்த்தியதும் ஊசி நகரும். புதியவர்கள் பதறி அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அளந்து முடித்தபின் ஊசியைப் பார்க்காதீர்கள். அது இப்போது வானத்தைப் பார்த்துச் சொல்கிறது, உங்களுக்கு அது வேண்டாம். வெளிச்சம் மாறும்வரை, மேகம் மூடும்வரை, அமைத்த அளவைத் தொட வேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் நிழலை அளங்கள். விவரம் தெரிய வேண்டிய ஆகக் கறுத்த இடம் எது என்று பாருங்கள். கடைவீட்டின் உள்சுவர் 1/60, எஃப் 2.8 என்று அளவு தந்தால், அதிலிருந்து இரண்டு ஸ்டாப் மூடி 1/60, எஃப் 5.6ல் எடுங்கள். சுவர் கறுப்பாகவும் இருக்கும், அதில் உள்ள சாமிப்படச் சட்டமும் தெரியும். ஸ்லைடு ஃபிலிமில் தலைகீழ். வெளுத்த இடத்தை அளந்து ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். அங்கே வெளுத்துப்போனது திரும்பி வராது.

7. உங்கள் கேமராவில் ஊசியைக் கொண்டுவருவது

கே1000, ஓஎம்-1 இரண்டிலும் ஊசி நடுவில் நிற்க வேண்டும். கே1000க்குத் தனி ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடிதான் ஸ்விட்ச். மூடி போடாமல் பையில் வைத்தால் பேட்டரி தீரும். ஓஎம்-1ல் மேலே இருக்கும் ஸ்விட்சை அணைக்க மறக்காதீர்கள்.

எஸ்ஆர்-டி 101ல் இரண்டு ஊசிகள். வட்டமுனை உள்ள ஊசியை மற்றதன் மேல் கொண்டுவந்து பொருத்த வேண்டும்.

ஸ்பாட்மேட்டிக்கில் வரிசை மாறக் கூடாது. முதலில் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போதே ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு பக்கவாட்டு ஸ்விட்சை மேலே தள்ளுங்கள், அப்பர்ச்சர் மூடிக் காட்சி இருளும், ஊசி அசையும். அளந்தபின் எடுங்கள். முதலில் அளந்துவிட்டு அந்த இருட்டிலேயே ஃபோகஸ் செய்ய முயல்கிறவர்களுக்குப் படம் தெளிவாக வராது.

எஃப்எம்2ல் ஃபிலிம் சுற்றும் லீவரைச் சற்று வெளியே இழுத்து, ஷட்டர் பொத்தானை மெதுவாகத் தொட்டால் எல்இடி எரியும். வட்டம் மட்டும் எரிந்தால் சரி. வட்டத்தோடு கூட்டல் குறியும் எரிந்தால் ஒரு ஸ்டாப்புக்குள் ஓவர், கூட்டல் மட்டும் என்றால் அதற்கும் மேல். ஆறாவது படியில் சொன்ன அரை ஸ்டாப் திருத்தங்களை இதிலேயே பார்த்துச் செய்யலாம்.

கேனன் ஏஇ-1ஐக் கையால் இயக்கும்போது ஊசி உங்கள் அப்பர்ச்சர் வளையத்தைப் பின்தொடராது. அது பரிந்துரைக்கும் எண்ணை மட்டும் காட்டும், அந்த எண்ணை நீங்கள்தான் லென்ஸில் வைக்க வேண்டும். கேனனெட்டில் கையால் வைத்ததும் மீட்டரே அணைந்துவிடும். வளையத்தை ஏ-வில் (ஆட்டோ) வைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டு, பிறகு அந்த எண்ணுக்கு மாற்றுங்கள்.

8. கூடுதல் திருத்தங்கள்

முக்காலியில் வைத்து எடுக்கும்போது கண்பக்கத் துவாரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அளங்கள். பின்னாலிருந்து நுழையும் வெயில் மீட்டரைக் குழப்பும்.

லென்ஸ் வழியாக அளக்கும் கேமராவில் ஃபில்டர் குறைக்கும் வெளிச்சம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். தனி மீட்டர் என்றால் மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று திறக்க வேண்டும்.

ஒரு விநாடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோம்பல்பட ஆரம்பிக்கும். எச்பி5 பிளஸில் மீட்டர் 10 விநாடி சொன்னால் சுமார் 20 விநாடி கொடுக்க வேண்டும். மரினா பே இரவுக் காட்சிகள் பலருக்குக் கறுத்துப் போவது இதனால்தான்.

9. தனி மீட்டரும் ஃபோனும்

வெள்ளைக் குமிழ் உள்ள கைமீட்டர் பொருளை அளப்பதில்லை, பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கிறது. வேட்டி வெள்ளையா, சேலை கறுப்பா என்ற கவலை இதில் இல்லை. எடுக்கப்படுபவர் இருக்கும் இடத்தில் வைத்து, குமிழைக் கேமராவின் பக்கம் திருப்பி அளங்கள். கேமராவுக்குப் பதிலாகச் சூரியனைப் பார்த்துத் திருப்பினால் அண்டர் ஆகும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடக்கும்போது எனக்கு இந்த முறைதான் கைகொடுக்கிறது. மயிற்பீலி, வெள்ளி வேல், மஞ்சள் துணி என்று ஒவ்வொரு காவடிக்கும் ஊசி ஒவ்வொரு பக்கம் ஓடும். விழும் வெளிச்சமோ அந்தத் தெரு முழுக்க ஒன்றுதான்.

ஃபோன் செயலி கேமரா மீட்டரைப் போலவே பொருளைத்தான் அளக்கும். திரையில் முக்கியமான இடத்தைத் தொட்டு அளங்கள், ஆறாவது படியின் திருத்தங்கள் எல்லாம் இதற்கும் பொருந்தும்.

10. மீட்டரே இல்லாதபோது

லைக்கா எம்3 மாதிரி மீட்டர் இல்லாத கேமராக்களுக்கும், பேட்டரி திடீரென்று தீர்ந்தவர்களுக்கும் இது. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓவுக்கு அருகில் உள்ள எண்ணில் வைக்க வேண்டும். 400க்கு 1/500. மற்ற நேரங்களில் தரையில் விழும் நிழலைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் 16. மங்கலாக இருந்தால் 11. நிழல் இருப்பதே சந்தேகம் என்றால் 8. நிழலே இல்லை என்றால் 5.6. சிங்கப்பூரில் வெயில் அடிக்கிறது என்று தோன்றும் பல மதியங்களில் நிழலின் விளிம்பு மங்கலாகத்தான் இருக்கும். வெப்பத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிழலை வைத்து முடிவு செய்யுங்கள்.

400 ஃபிலிமுக்கு நான் தொடங்கும் அளவுகள் இவை. புளோக்கின் திறந்த நிழலில் 1/250, எஃப் 5.6 அல்லது 8. வாய்ட் டெக்கின் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) உட்பகுதி, ஐந்தடிப் பாதை இரண்டுக்கும் 1/125, எஃப் 4லிருந்து 2.8. இடியுடன் மழை இறங்கும் முன் வானம் கறுக்கும்போது 1/250, எஃப் 4. இரவில் உணவங்காடி நிலையத்தில் 1/60, எஃப் 2.8. தீபாவளி ஒளியூட்டின் கீழே சிராங்கூன் சாலையில் நிற்பவர்களுக்கு 1/60, எஃப் 2. விளக்குகளையே எடுப்பது என்றால் அதிலிருந்து இரண்டு மூன்று ஸ்டாப் மூடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 1 மணியை ஒட்டி. அப்போது ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால் கண்குழியிலும் கழுத்திலும் கடுமையான நிழல் விழும். ஒரு ஸ்டாப் திறந்தால் கொஞ்சம் தணியும், ஆளை நிழலுக்கு அழைத்துப்போனால் முழுதும் தணியும். மாலை 7 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்தபின் வெளிச்சம் வேகமாக இறங்கும். அப்போது மட்டும் "அமைத்ததைத் தொடாதே" என்ற விதியை விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி அளங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸிலும் வியூஃபைண்டரிலும் நீர் பூக்கும். அந்தப் பனியின் வழியே எடுத்த அளவு பிழையானது. பையைத் திறக்காமலே வெளிவெப்பத்துக்குப் பழகவிடுங்கள்.

11. கழுவி வந்த நெகட்டிவைப் படிப்பது

ஸ்கேனை வைத்து எக்ஸ்போஷரை மதிப்பிட வேண்டாம். கடையின் ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தானே வெளிச்சம் கூட்டிக் குறைத்துத் தரும், உங்கள் பிழை அதில் மறைந்துவிடும். நெகட்டிவையே கேட்டு வாங்கி, ஃபோன் திரையை வெள்ளையாக்கி அதன் முன் பிடித்துப் பாருங்கள்.

முதலில் ஓரத்தில் அச்சான எழுத்துகளையும் எண்களையும் பாருங்கள். அவை தயாரிப்பாளர் பதித்தவை, உங்கள் எக்ஸ்போஷருக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை. எழுத்து அடர்த்தியாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் அண்டர் எடுத்திருக்கிறீர்கள். எழுத்தும் சேர்ந்தே வெளிறியிருந்தால் கழுவியதில் குறை, மீட்டரைத் தொட வேண்டாம்.

அடுத்து நிழல் பகுதிகள். நெகட்டிவில் நிழல் தெளிந்த இடமாகத் தெரியும். அங்கே எதுவுமே பதியாமல் வெறும் ஃபிலிமாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. நோட்டை எடுத்து அந்தப் படங்களுக்கு எதை அளந்தீர்கள் என்று பாருங்கள். வானமோ வெள்ளையோ சட்டத்தில் இருந்த படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் ஆறாவது படியில்தான் பிழை. எல்லாப் படமும் ஒரே அளவு வெளிறியிருந்தால் மீட்டரோ ஷட்டரோ தள்ளிப் போகிறது. அடுத்த ரோலில் 400 ஃபிலிமுக்குச் சக்கரத்தை 200ல் வைத்து, வேறு எதையும் மாற்றாமல், அதே இடங்களை அதே முறையில் அளந்து எடுத்துப் பாருங்கள்.